இருபத்தாறு பாயிண்ட் குதிரை

ஜன்னல் பக்கம் நீங்க உக்காருங்க சார். எனக்கு வேணாம். இந்தப் பக்கத்துத் தாடையில குளிர்காத்து பட்டா உயிரே போயிடும். உள்ள ரெண்டு தகடு வச்சு முடுக்கியிருக்காங்க. நீங்க பார்த்துட்டு பார்க்காத மாதிரி திரும்பிகினீங்க, பரவால்ல, எல்லாரும் அப்படித்தான். ஆக்சிடெண்டான்னு கேப்பாங்க. இல்ல சார். என் மச்சான் அடிச்சது. என் பொண்டாட்டி கோமளாவோட கூடப்பொறந்த தம்பி. நான் வேலை வாங்கிக் குடுத்து, என் வூட்டுல சோறு துன்னு வளந்தவன். நாலாயிரம் பேர் பார்த்துகினு இருக்கும்போது அடிச்சான். அந்த கேசுக்குத்தான் ஊட்டி கோர்ட்டுக்குப் போய்கினு இருக்கேன். இன்னிக்கு என் சாட்சி.

பஸ்ஸு மேல ஊட்டி போய்ச் சேர ரெண்டு மணி நேரம் இருக்கில்ல? சொல்றேன் கேளுங்க. கேட்டுட்டு யார் மேல தப்புன்னு நீங்களே சொல்லுங்க. வெளி ஆளு, உங்களுக்கு ஒரு பக்கமும் இல்ல.

நம்ம பேரு தயாளன். மெட்ராஸ்ல ரேஸ் குதிரை லாயத்துல முப்பத்தி நாலு வருசம். கடைசி பன்னெண்டு வருசம் ஜமேதார். ஜமேதார்னா இன்னான்னா, டிரெய்னர் காலையில வந்து பார்த்துட்டுப் போயிடுவாரு, மிச்ச நேரமெல்லாம் குதிரைங்க நம்ம கையில. எது எவ்ளோ துன்னணும், எது எவ்ளோ ஓடணும், எல்லாம் நாமதான். நம்ம டிரெய்னர் பொன்னப்பா சார் குடகுக்காரரு. தங்கமான மனுசன். தயாளன் சொன்னா சரிதான்னுடுவாரு. ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு ஆளு உண்டு, சைஸ்னு சொல்லுவோம். தேய்ச்சு வுட்டு, லத்தி அள்ளி, அதும் பக்கத்துலயே படுத்துக்கறவன். என் மச்சான் ஏகாம்பரம் ஒரு சைஸ். அவ்ளோதான் சார் அவன்.

குதிரைய பத்தி ஜனங்க இன்னா நினைக்கறாங்க, அழகா இருக்கு, தடவிக் குடுக்கலாம்னு. இதோ பாருங்க இந்த விரல. ரெண்டு கணு இல்ல. தொண்ணூத்தெட்டுல ஒரு கருப்பு ஆண் குதிரை கடிச்சுத் துப்பினது. நான் ஆஸ்பத்திரிக்கு ஓடல சார். துணியச் சுத்திகினு, மண்வெட்டிக் காம்ப எடுத்து, காம்பு ஒடியற வரைக்கும் அத்த அடிச்சேன். மூக்குலேருந்து ரத்தம் வந்துச்சு அதுக்கு. அப்புறம்தான் ஆஸ்பத்திரி. அதுக்கு மேல என் செருப்பு சத்தம் கேட்டாலே மூலையில போய் நின்னுக்கும். அடி ஒண்ணுதான் அதுங்களுக்குப் புரியற பாஷை. இத்த நான் ஏகாம்பரத்துக்கு நூறு தபா சொல்லியிருக்கேன். அவன் காதுல ஏறல.

சரி, விசயத்துக்கு வர்றேன். ஹாண்டிகேப்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? இல்லயா? ரொம்ப சிம்பிள். நல்லா ஓடற குதிரை முதுகுல பாரத்த ஏத்துவாங்க, ஓடாத குதிரைக்கு இறக்குவாங்க. எல்லாம் ஒண்ணா வந்து சேரணுமாம். அதுக்குன்னு ஒரு ஆபீசர் இருக்காரு. ஒவ்வொரு பந்தயமும் பார்த்துட்டு குதிரைக்கு பாயிண்ட் போடுவாரு. ரெண்டு பாயிண்டுக்கு ஒரு கிலோ. அவ்ளோதான் கணக்கு. ஒல்லியா, கண்ணாடி போட்டுகினு, ஒரு நோட்டு வச்சிகினு, ஓடறதுக்கு முன்னாடி குதிரைங்கள சுத்திக் காட்டுவோம் பாருங்க, அங்க வந்து நின்னு ஒண்ணொண்ணா பார்ப்பாரு. யார்கிட்டயும் பேச மாட்டாரு.

அந்த மனுசன் ஒரு நாள் நம்ம பொன்னப்பா சார்கிட்ட சொன்னாரு, நான் குதிரையப் பிடிச்சிகினு அங்கயே நிக்கறேன், "உங்க ஜமேதார் அனுப்பற குதிரைங்க எப்பவும் அரை வேக்காடாவே வருதே"ன்னாரு. சிரிச்சிகினே சொன்னாரு. எனக்கு சோறு இறங்கல சார் அன்னிக்கு. முப்பத்தி நாலு வருசம். அரை வேக்காடாம். அன்னிக்கு முடிவு பண்ணேன், இந்தாளு நோட்டுல இவர் கையாலயே ஒரு பொய்ய எழுத வைக்கறேன்னு. துட்டுக்காக இல்ல சார். பந்தயத்துல ஒத்தப் பைசா கட்டினதில்ல நான். மானத்துக்காக.

அப்பத்தான் செவந்தி வந்துச்சு. பொட்டைக் குட்டி. பேப்பர்ல ஏதோ நீளமா இங்கிலீஷ் பேரு, செவப்பா இருக்குன்னு ஏகாம்பரம் செவந்தின்னு கூப்பிட்டான். அவன்தான் அதுக்கு சைஸ். முதல் பந்தயம் டிசம்பர்ல, சும்மா ஓட விட்டோம், மூணாவதா வந்துச்சு. ஆபீசர் நாப்பத்திரண்டு பாயிண்ட் போட்டாரு. நான் பார்த்தேன். இதான் நம்ம குதிரைன்னு தோணுச்சு.

இன்னா பண்ணேன்னு கேளுங்க. கொள்ளும் தவிடுமா கொட்டினேன். குதிரை மசால் தழைய கட்டுக் கட்டா போட்டேன். காலையில எல்லா குதிரையும் ஓடறப்போ இத்த நடக்க மட்டும் விட்டேன். வயிறு தொங்கிப் போச்சு. ஜனவரியில ஓடுச்சு, கடைசிக்கு முந்தி. முப்பத்தேழுன்னு இறக்கினாரு. பிப்ரவரியில கடைசி. முப்பத்தொண்ணு. மார்ச்சுல மறுபடி கடைசி. இருபத்தாறு! பதினாறு பாயிண்ட், எட்டு கிலோ பாரம் முதுகுலேருந்து போயிடுச்சு. அவரு நோட்டுல எழுத எழுத நான் லாயத்துல சிரிச்சிகினு இருந்தேன். ஒரு பக்கெட்ட வச்சிகினு படிச்ச மனுசன ஏமாத்தினேன் சார். உங்களால முடியுமா?

ஏகாம்பரம் மட்டும் மூஞ்சிய தூக்கி வச்சிருந்தான். "மாமா, இவ தொப்பையால தோக்கல. இவளுக்கு முடியல. பின்னாடி முதுகு முன்னாடிய விட ஒசரமா இருக்கு பாரு. இன்னும் வளந்துகினு இருக்கா. குழந்தை மாமா"ன்னான்.

"குழந்தையா? புக்குல மூணு வயசு போட்டிருக்கு. ஜனவரி ஒண்ணு தாண்டியாச்சு"ன்னேன்.

ரேஸ் குதிரைங்களுக்கு எல்லாம் ஜனவரி ஒண்ணாந்தேதிதான் சார் வயசு ஏறும். எந்த மாசம் பொறந்தா இன்னா, கணக்கு அதான். இந்தச் செவந்தி ஜூன் மாசம் ரெண்டாந்தேதி பொறந்தது. கூட ஓடறதுல பாதி ஜனவரி, பிப்ரவரியில பொறந்ததுங்க. அத்த வச்சிகினு அவன் நாலு மாசம் சின்னவ, அஞ்சு மாசம் சின்னவன்னு தினம் ஒரு பாட்டு. நம்ம பசங்க ஸ்கூல்ல சேக்கும்போது நாலு மாசம் முன்னபின்ன பார்க்கறமா இன்னா?

அவன் இன்னும் ஒண்ணு பண்ணான். எனக்குத் தெரியாம குதிரை டாக்டர கூட்டிகினு வந்து முன்னங்கால் முட்டிய எக்ஸ்ரே போட்டோ புடிக்க வச்சான். டாக்டர் என்கிட்டதான் குடுத்துட்டுப் போனாரு. "முட்டிக்கு மேல எலும்பு இன்னும் சேரல தயாளன், இந்தக் கோடு தெரியுது பாருங்க. ஆறு மாசம் விட்ருங்க. டிரெய்னர்கிட்ட காட்டிடுங்க"ன்னாரு. பார்த்தேன். ஒரு கோடு. மயிரிழை மாதிரி ஒரு கோடு சார். அந்தக் கோட்டுக்குப் பயந்து இருபத்தாறு பாயிண்ட் குதிரைய ஆறு மாசம் கட்டி வச்சா, அதுக்குள்ள நோட்டெல்லாம் மாறிடும். பொன்னப்பா சார் கேட்டாரு, டாக்டர் இன்னா சொன்னாருன்னு. எல்லாம் நல்லாருக்குன்னாரு சார்னு சொன்னேன். அவரு நல்ல மனுசன், அவர எதுக்கு கலவரப்படுத்தணும்?

பிடிச்சிக்கோங்க சார், வளைவு. இந்த டிரைவர் பரவால்ல, நல்லா ஓட்டறான்.

ஏப்ரல்ல குதிரைங்கள லாரியில ஏத்திகினு ஊட்டி வந்தோம். சீசன். அங்கதான் என் ஆட்டம். தவிட நிறுத்தினேன். தினம் ஓட்டம். ஒரு நாள் மெல்ல, ஒரு நாள் வேகம்னு ஓட்டறதுதான் வழக்கம், எனக்கு அஞ்சு வாரம்தான் இருக்கு, நான் வேகம், வேகம், வேகம். மலை மேல மூச்சு வேற வாங்கும் அதுங்களுக்கு. மூணாவது வாரம் தொப்பை போயி விலா தெரிஞ்சுது, தோலு கண்ணாடியா மின்னுச்சு. கடிகாரத்துல பார்த்தா நேரம் கொறைஞ்சிகினே வருது. முடியலன்னு ஏகாம்பரம் சொன்னானே, பாருங்க இந்தத் திருட்டுக் கழுதைய!

அப்ப ஆரம்பிச்சுது அதோட வேலை. பக்கெட்டுல பாதி தீனிய விட்டுடும். ஓட இழுத்துகினு போனா வாசல்லயே நின்னுக்கும். அடம் சார், சுத்த அடம். மேல் உதட்டுல கயித்துச் சுருக்கு போட்டு கட்டையால முறுக்குவேன். முறுக்கினா நடுங்கும், அப்புறம் நடக்கும். ஒரு நாள் என் தோளக் கடிச்சிடுச்சு. லாயத்துக்குள்ள விட்டு கதவ சாத்திகினேன். பெல்ட்டு. அது சுவத்துல மோதி மோதி வுழுந்துச்சு. நான் கை ஓயற வரைக்கும் விடல. வெளிய ஏகாம்பரம் கதவ இடிச்சிகினே இருந்தான். "மாமா, அவள விட்ரு, என்ன அடி மாமா, என்ன அடி"ன்னு.

கதவத் தொறந்தேன். சரி, கேட்டான் இல்ல, அவனுக்கும் நாலு வச்சேன்.

என் பொண்டாட்டியும் சீசனுக்கு ஊட்டி வந்திருந்தா. ரூமுக்குப் போனா அவனுக்கு மஞ்சள் பத்து போட்டுகினு இருக்கா. என்ன நிமிந்து கூடப் பார்க்கல. சாப்பாட்டத் தட்டுல போட்டு தள்ளி விட்டா. சொந்தத் தம்பி, அவளுக்கு வலிக்கும், நான் கோவிச்சிக்கல.

பந்தயத்துக்கு நாலு நாள் இருக்கு. ஏகாம்பரம் வந்து என் கால்ல விழுந்தான். நெஜமாவே விழுந்தான் சார், சாணித் தரையில. "முட்டி சுடுது மாமா. கைய வச்சுப் பாரு. அடுப்பு மாதிரி சுடுது. இந்த ஒரு தபா விட்ரு. அடுத்த வருசம் நானே கூட்டினு போய் ஜெயிக்க வைக்கறேன்."

"ஐஸ் வை"ன்னேன்.

"பொன்னப்பா சார்கிட்ட சொல்லப் போறேன்."

கைய முறுக்கி சுவத்துல வச்சு அழுத்தினேன். "சொல்லு. சொன்னா இந்த ஊர்ல ஒரு லாயத்துலயும் உனக்கு வேலை கிடையாது. செவந்திக்கு வேற சைஸ் போட்ருவேன். அத்த உன் கண்ணுல காட்ட மாட்டேன்"னேன். அதுல அடங்கிட்டான். நாலு நாளும் ஐஸ் கட்டிய துணியில சுத்தி முட்டியிலயே வச்சுப் பிடிச்சிகினு உக்காந்திருந்தான். சோம்பேறி. வேற குதிரைங்களுக்கு ஒரு கை குடுக்கல.

மே இருபத்தெட்டு. ஆயிரத்து எரநூறு மீட்டர். பன்னெண்டு குதிரை. மேல் குதிரைக்கு அறுபது கிலோ, நம்மளுதுக்கு அம்பது சொச்சம். ஜாக்கி ஷெரீப், ஒடம்பே இல்லாத பையன், நல்ல கை. சுத்திக் காட்டும்போது அந்த ஆபீசர் வந்து செவந்திய ரொம்ப நேரம் பார்த்தாரு. முன்னங்காலயே பார்த்தாரு. நோட்டுல ஏதோ எழுதினாரு. எழுதிக்கோய்யா, இன்னும் ரெண்டு நிமிசத்துல உன் நோட்டு நாறப் போவுதுன்னு நினைச்சிகினேன்.

நான் கடைசி வளைவுல கம்பிக்குப் பக்கத்துல போய் நின்னுகினேன். கேட் தொறந்துச்சு. சார், அது வந்துச்சு பாருங்க! பாதி தூரத்துல அஞ்சு குதிரை நீளம் முன்னாடி. ஜனமெல்லாம் எழுந்து நின்னு கத்துது. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. அந்த அரை நிமிசம் போதும் சார் எனக்கு, முப்பத்தி நாலு வருசத்துக்கு. பொண்ணு கல்யாணத்துல கூட அப்படி ஒரு சந்தோசம் வந்ததில்ல.

வளைவுல திரும்பும்போது சத்தம் கேட்டுச்சு. காஞ்ச கட்டைய முட்டியில வச்சு ஒடிக்கிற சத்தம். முன்ன இடது கால். மூஞ்சி தரையில குத்தி, அப்படியே தலைகுப்புற உருண்டுச்சு. ஷெரீப் பறந்து போயி கம்பியில அடிச்சு வுழுந்தான். பின்னாடி வந்ததுல ஒண்ணு செவந்தி மேல ஏறி வுழுந்து எழுந்து ஓடுச்சு. மிச்சமெல்லாம் பிரிஞ்சு போயிடுச்சு. புல்லு நாலா பக்கமும் பேந்து கெடக்கு.

நான் கம்பிக்கு அடியில பூந்து ஓடினேன். ஷெரீப் தோள்பட்டை எலும்பு வெளிய தெரியுது, "அண்ணே, அண்ணே"ங்கறான். அவனத் தாண்டிப் போயி அவன் சவுக்க எடுத்தேன். ஏன்னா அது படுத்துகினு இருந்துச்சு சார்! அஞ்சு குதிரை நீளம் முன்னாடி வந்துட்டு, ஜெயிக்கப் போற நேரத்துல, படுத்துகினு இருந்துச்சு. அது நடிக்கும், எனக்குத் தெரியும், அஞ்சு வாரம் நடிச்சுது. எழுந்திருன்னு வச்சேன். கழுத்துல வச்சேன், மூஞ்சியில வச்சேன். கால் ஒரு பக்கமா திரும்பிகினு இருந்தது தெரிஞ்சுது. தெரியலன்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்த நேரத்துல எனக்கு அது இருபத்தாறு பாயிண்ட் குதிரையாத்தான் தெரிஞ்சுது.

ஏகாம்பரம் அந்தக் கோடியிலேருந்து ஓடி வந்தான். ஜெயிச்சதும் பிடிக்கறதுக்கு கையில கடிவாளம் வச்சிருந்தான், இரும்போட. அத்த வீசினான். ஒரே வீச்சு. எனக்கு வானம் தெரிஞ்சுது, அப்புறம் வாயில பல்லு பல்லா வந்துச்சு. கீழ வுழுந்தவன அதுக்கு மேல அவன் தொடல. ஜனம்தான் பாட்டில் வீசினாங்க, கல்லு வீசினாங்க. அது கூட என் மேல வீசினாங்களா குதிரை தோத்ததுக்கு வீசினாங்களா தெரியல.

பச்சைத் துணி கொண்டாந்து சுத்தி மறைச்சாங்க. உள்ள டாக்டர், செவந்தி, ஏகாம்பரம். அவ்ளோதான். ஊசி போட்டு முடிச்சிட்டாங்க. அவன்தான் தலையப் பிடிச்சிகினு இருந்தானாம்.

ஆஸ்பத்திரிக்கு அந்த ஆபீசர் வந்தாரு சார், என்னப் பார்க்க. என்னால வாயத் தொறக்க முடியல, கட்டு போட்டிருக்கு. கட்டில் பக்கத்துல நின்னு சொன்னாரு, "தயாளன், நான் இருபத்தாறு போட்டது அது அன்னிக்கு இருபத்தாறு குதிரைங்கறதாலதான். நீ தீனி போட்டதால இல்ல. விட்டிருந்தா அடுத்த வருசம் நானே அறுபது போட்டிருப்பேன்"னாரு.

கேட்டீங்களா? அவர் வாயாலயே ஒத்துக்கிட்டாரு! அறுபது பாயிண்ட் குதிரை அது. அறுபது பாயிண்ட் குதிரைய நான் இருபத்தாறுல இறக்கியிருக்கேன். அவ்ளோ பெரிய ஆளு தேடி வந்து சொல்லிட்டுப் போறாரு. இத்த என் பொண்டாட்டிகிட்ட சொன்னேன், கட்டு அவுத்ததும் முதல் பேச்சு அதான். அவ எழுந்து பையில துணிய எடுத்து வச்சிகினு தம்பி கூடப் போயிட்டா. வருசம் ஒண்ணாச்சு.

லாயத்துலயும் வேலை போச்சு. பொன்னப்பா சார் அந்த போட்டோவப் பார்த்துட்டாரு, டாக்டர்கிட்ட இன்னொண்ணு இருந்திருக்கு. ஒரு வார்த்தை திட்டல. "போயிடு தயாளன்"னாரு.

ஏகாம்பரம் கோர்ட்டுல எல்லாத்தையும் ஒத்துக்கிட்டான். அடிச்சியான்னாங்க, அடிச்சேன்னான். ஏன் அடிச்சேன்னு நீதிபதி அம்மா கேட்டாங்க. "இன்னும் அஞ்சு நாள் போயி ஜூன் ரெண்டு வந்திருந்தா அவளுக்கு மூணு வயசு முடிஞ்சிருக்கும்மா"ன்னான். கேட்ட கேள்விக்குப் பதிலா சார் இது? மன்னிப்பு கேட்டா கேச முடிச்சிக்கலாம்னு நான் பெரிய மனசு பண்ணி சொல்லி அனுப்பினேன். முடியாதுன்னுட்டான். ஜெயிலுக்கே போறானாம். அவன் ஒத்துக்கிட்டாலும் என் சாட்சியக் கேட்டுட்டுத்தான் தீர்ப்பாம்.

என் வக்கீலு வேற ஒரு தொல்லை. இன்னிக்கு சாட்சி சொல்லும்போது ஒண்ணு மட்டும் சொல்லிடாதீங்க, சொன்னா கேசே போயிடும்ங்கறாரு. நான் சொல்லத்தான் போறேன். உங்களுக்கும் சொல்றேன், நீங்க நியாயம் சொல்லுங்க.

நான் அடிச்சேன் இல்ல, ஆறு அடி. அஞ்சு வரைக்கும் அசையல. கண்ணு மட்டும் மேல கீழ போய்கினு இருந்துச்சு. அப்பத்தான் அந்தக் கோடியிலேருந்து ஏகாம்பரம் கத்திகினு ஓடி வர்றான், செவந்தி, செவந்தின்னு. நான் ஆறாவது வச்சேன். எழுந்துச்சு சார். மூணு கால்ல எழுந்துச்சு. ஒரு கால் தோல்ல தொங்குது, அப்படியே குதிச்சுக் குதிச்சு நாலு எட்டு வச்சுது. என் பக்கம் வரல, அந்தப் பக்கம், அவன் வர்ற பக்கம். போயி அவன் நெஞ்சுல தலைய வச்சு நின்னுகிச்சு. அதுக்கப்புறம்தான் சார் அந்தக் கடிவாளம் என் மேல வந்துச்சு.

எழுந்துச்சா இல்லயா? என் ஆறாவது அடிக்குத்தானே எழுந்துச்சு? ஏன் சார் அப்படிப் பார்க்கறீங்க, வேற எதுக்கு எழுந்திருக்கும், நீங்க சொல்லுங்க.